பெட்டகம் கவுன்சிலிடம், திறப்பு வெஸ்ற்மின்ஸ்ரரிடம்

ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதமளவில், கிங்ஸ்பரியில் வாழும் எம்மவர் வீடுகளின் கதவுத் துவாரத்தினூடாகக் கடிதமொன்று வந்து விழுகின்றது. அதுதான் கவுன்சில் வரிப் பத்திரம். நம்மிற் பலர் அதன் அடியிலுள்ள மொத்தத் தொகையை மட்டும் பார்த்துப் பெருமூச்செறிகின்றோம். எஞ்சியதை வாசிப்பதில்லை.

அண்மையில் கிங்ஸ்பரி வீதியில், ஊரில் எம்மிடம் கல்வி கற்ற தம்பி ஒருவர் அப்பத்திரத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார். "மாஸ்ரர், இதை ஒருக்காப் பாருங்கோ. ஒவ்வொரு வருசமும் ஏறிக்கொண்டுதான் போகுது. உண்மையில ஆர் இதைத் தீர்மானிக்கிறது?" என்று கேட்டார். தெருவில் நின்றவாறு ஐந்து நிமிடத்தில் விடையளிக்கக்கூடிய கேள்வியல்ல அது. எனினும், இந்நாட்டில் வேரூன்றிவிட்ட எமது சமூகம் அறிந்தேயாக வேண்டிய கேள்வி. ஆகவே அத் தம்பிக்கான விடையை எல்லோருக்குமாக இங்கு எழுதுகின்றோம்.

பத்திரம் சொல்லும் கதை

முதலில் பத்திரத்தையே பார்ப்போம். கிங்ஸ்பரி பிரென்ற் கவுன்சிலின் ஆளுகைக்கு உட்பட்டது. ஆயினும் நாம் செலுத்தும் பணம் முழுவதும் பிரென்றுக்குச் செல்வதில்லை. ஒரு பகுதி லண்டன் மேயரின் நிர்வாகத்துக்கு, அதாவது பொலிஸ், தீயணைப்பு, போக்குவரத்து ஆகியவற்றுக்குப் போகின்றது. முதியோர் மற்றும் வலுவிழந்தோர் பராமரிப்புக்கென்று இன்னொரு பகுதி 2016 முதல் தனியாகக் காட்டப்படுகின்றது. எஞ்சியதே கவுன்சிலின் பொதுச் செலவுக்கு உரியது.

நமது வீடு எந்தப் பிரிவில் அடங்குகின்றது என்பதைக் கவுன்சில் தீர்மானிப்பதில்லை. 'ஏ' முதல் 'எச்' வரையான எட்டுப் பிரிவுகளையும் வகுத்தது பாராளுமன்றம். 1991 ஏப்ரல் 1 ஆம் திகதி அவ்வீடு என்ன விலைக்குப் போயிருக்கும் என்பதே அளவுகோல். எம்மிற் பலர் இந்நாட்டில் காலடி வைப்பதற்கு முன்னர் இருந்த விலையைக் கொண்டு இன்றும் எமது வரி கணிக்கப்படுகின்றது. மிக உயர்ந்த 'எச்' பிரிவு, நடுப்பிரிவான 'டி' செலுத்துவதைப் போல் இரு மடங்கு செலுத்தினால் போதும் என்பதும் சட்டத்திலேயே எழுதப்பட்ட விகிதம். செல்வந்தரிடம் கூடுதலாக அறவிட ஒரு கவுன்சில் விரும்பினாலும் இவ்விகிதத்தை மாற்ற அதற்கு அதிகாரமில்லை.

வரியை எவ்வளவு உயர்த்தலாம் என்பதிலும் அப்படியே. 2011 ஆம் ஆண்டின் உள்ளூர்மயச் சட்டத்தின்படி மத்திய அரசு ஆண்டுதோறும் ஒரு வரம்பை விதிக்கின்றது. அவ்வரம்பைத் தாண்ட விரும்பினால் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தியாக வேண்டும். 2023-24 நிதியாண்டிலிருந்து லண்டன் கவுன்சில் போன்றவற்றுக்கு இவ்வரம்பு, பராமரிப்புக்கான 2 சதவீதத்தையும் சேர்த்து, 5 சதவீதமாக வகுக்கப்பட்டது. ஆகவேதான் நாடெங்கும் கவுன்சில் பலவும் ஒரே குரலில் 4.99 சதவீத உயர்வை அறிவித்தன. ஏதோ பேசிவைத்துச் செய்ததுபோல் தோன்றும் இவ்வொற்றுமைக்குக் காரணம் இந்த வரம்பே. வரம்பைத் தாண்ட முயன்று 2015 மே மாதம் பெட்ஃபோட்ஷயர் பொலிஸ் ஆணையாளர் வாக்கெடுப்புக்குச் சென்றார். மக்கள் மறுத்துவிட்டனர். அவ்வனுபவத்தைக் கண்ட எந்தக் கவுன்சிலும் அவ்வழியில் செல்லத் துணியவில்லை.

கவுன்சிலின் வருடாந்த வரவு செலவுத் திட்டமும் இத்தகைய கட்டுக்குள்ளேயே தயாராகின்றது. அடுத்த ஆண்டுக்கான மானியம் எவ்வளவு என்பதை மத்திய அரசு பெரும்பாலும் டிசம்பர் மாதத்திலேயே அறிவிக்கும். மார்ச் 11 ஆம் திகதிக்கு முன்னர் கவுன்சில் வரியை நிர்ணயித்தாக வேண்டும். வரவும் செலவும் சமமாக இருத்தல் வேண்டும். அன்றாடச் செலவுக்குக் கடன் வாங்குதல் ஆகாது. இடையிலுள்ள சில வாரங்களில் எதை வெட்டுவது, எதைக் காப்பது என்று தீர்மானிப்பதே உள்ளூர்ச் சுயாட்சியில் எஞ்சியுள்ள பங்கு எனலாம்.

திறப்பு கைமாறிய வரலாறு

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1934 வரை கிங்ஸ்பரிக்கெனத் தனியான நகர்ப்புறச் சபையொன்று இருந்தது. அவ்வாண்டு அது வெம்பிளியுடன் சேர்க்கப்பட்டது. 1965 ஏப்ரல் 1 ஆம் திகதி வெம்பிளியும் வில்ஸ்டனும் இணைக்கப்பட்டுப் பிரென்ற் பிறந்தது. இவை யாவும் பாராளுமன்றச் சட்டங்களின் மூலம் நிகழ்ந்தவை. எழுதப்பட்ட அரசியலமைப்பு இல்லாத இந்நாட்டில், கவுன்சில் என்பது பாராளுமன்றம் பெற்ற பிள்ளை. பெற்றவர் பெயரை மாற்றலாம், எல்லையை மாற்றலாம், பிள்ளையையே இல்லாதொழிக்கவும் செய்யலாம்.

1986 இல் நடந்தது அதுதான். லண்டன் மாநகரம் முழுவதற்குமான பெருநகர சபையைத் தாட்சர் அம்மையாரின் அரசாங்கம் ஒழித்தது. ஆற்றின் ஒரு கரையில் பாராளுமன்றமும் மறுகரையில் கென் லிவிங்ஸ்ரன் தலைமையிலான சபையும் எதிரெதிரே நின்று பொருதிய காலம் அது. அதன்பின் 2000 ஆம் ஆண்டு வரை இம்மாநகருக்குத் தெரிவுசெய்யப்பட்ட பொது நிர்வாகம் எதுவும் இருக்கவில்லை.

வரியின் கதையும் அத்தகையதே. ஊரில் நாம் சோலைவரி என்று அழைத்ததை ஒத்த ஆதன வரியையே கவுன்சில்கள் இங்கு அறவிட்டு வந்தன. 1984 ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு உச்சவரம்பு விதிக்கும் அதிகாரத்தை அமைச்சருக்கு வழங்கியது. மறு ஆண்டில் லிவர்பூல், லாம்பெத் கவுன்சில்கள் வரியை நிர்ணயிக்காது காலந்தாழ்த்தி எதிர்ப்புத் தெரிவித்தன. முடிவில் ஏறத்தாழ எண்பது உறுப்பினர்கள் தண்டப்பணம் செலுத்தும்படி பணிக்கப்பட்டுப் பதவியும் இழந்தனர். 1990 இல் இங்கிலாந்தில் தலைவரி வந்தது. கோடீஸ்வரரும் துப்புரவுத் தொழிலாளியும் ஒரே தொகையைச் செலுத்த வேண்டும் என்ற அவ்வரிக்கு எதிராக 1990 மார்ச் 31 இல் ட்ரபால்கர் சதுக்கத்தில் பெருங் கலவரம் மூண்டது. அவ்வாண்டு இறுதியில் தாட்சர் பதவி விலகினார். 1993 இல் இன்றைய கவுன்சில் வரி அறிமுகமானது.

இக்கூச்சல்களுக்கிடையே மற்றொரு மாற்றம் அரவமின்றி நிகழ்ந்தது. 1990 இலிருந்து கடைகளும் தொழிலகங்களும் செலுத்தும் வணிக வரியை நிர்ணயிக்கும் அதிகாரம் கவுன்சில்களிடமிருந்து மத்திக்குச் சென்றது. கிங்ஸ்பரி வீதியில் எம்மவர் நடத்தும் மளிகைக் கடைக்குரிய வரியைக் கவுன்சில் அறவிடும். ஆனால் வீதத்தைக் குறிப்பது மத்திய அரசு. 2013 வரை அப்பணம் முழுவதும் ஒரு பொதுக் குளத்திற் சேர்ந்து, மத்திய அரசின் சூத்திரப்படி பகிரப்பட்டது. அதன் பின்னரே அதில் ஒரு பகுதியைக் கவுன்சில்கள் தம்மிடம் வைத்திருக்க அனுமதிக்கப்பட்டன.

மத்திய அரசின் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. வெஸ்ற்மின்ஸ்ரர் கவுன்சிலின் எல்லைக்குள் பெரும் வணிக நிலையங்கள் நிறைந்துள்ளன. வறியவர் செறிந்து வாழும் கவுன்சில்களுக்கு வருமானம் குறைவு, தேவையோ அதிகம். மத்தி இடையில் நின்று பகிராவிடில் செல்வந்த ஊர் மேலும் செழிக்கும், வறிய ஊர் மேலும் மெலியும். ஆகவே மத்தி பகிர்வது பிழையன்று. கடமையை ஒருவர் தலையில் ஏற்றிவிட்டுப் பணத்தை இன்னொருவர் பிடித்து வைத்திருப்பதே பிழை. இதனை எம்மைவிட நன்கறிந்தவர் எவருமிலர்.

அகதியின் தலையில் விழுந்த கணக்கு

1996 பெப்ரவரியை எம்மிற் சிலர் மறந்திருக்க மாட்டார்கள். விமான நிலையத்திலேயே தஞ்சம் கோராமல் உள்ளே வந்தபின் கோரியவர்களுக்கும், விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு மேன்முறையீடு செய்திருந்தவர்களுக்கும் சமூகநல உதவிப்பணத்தை அன்றைய மத்திய அரசாங்கம் நிறுத்தியது. ஜூன் மாதம் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவ்விதிகள் சட்டத்துக்கு முரணானவை எனத் தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே பாராளுமன்றம் புதிய சட்டமொன்றின் மூலம் அவற்றை மீண்டும் நடைமுறைக்குக் கொண்டு வந்தது.

கையிற் காசின்றி நின்ற மக்கள் எங்கே போவது? 1996 ஒக்ரோபரில் மேல் நீதிமன்றம் விடை கூறியது. இரண்டாம் உலகப் போரின் பின் இயற்றப்பட்ட 1948 ஆம் ஆண்டின் தேசிய உதவிச் சட்டத்தின்படி, உணவும் உறைவிடமும் அற்றுத் தவிப்பவரைப் பராமரிக்கும் கடமை உள்ளூர்க் கவுன்சிலுக்கு உண்டு என்பதே அத்தீர்ப்பு. 1997 பெப்ரவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது.

உயிர் காத்த தீர்ப்பு என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதன் விளைவைக் கவனியுங்கள். உதவியை நிறுத்தியது வெஸ்ற்மின்ஸ்ரரிலுள்ள அரசாங்கம். சுமையை ஏற்றது லண்டன் கவுன்சில்கள். அச்சட்டத்தின் கீழ் வளர்ந்தவர்களுக்குக் கையிற் பணம் கொடுக்க முடியாது. ஆகவே விடுதி அறை, உணவுப் பொதி, பற்றுச்சீட்டு என்று வழங்கப்பட்டன. பிள்ளைகளுள்ள குடும்பங்கள் 1989 ஆம் ஆண்டின் சிறுவர் சட்டத்தின் கீழ் பராமரிக்கப்பட்டன. மத்திய அரசு ஒரு மானியத்தை வழங்கிற்று, அதற்கும் உச்சவரம்பு இருந்தது. எஞ்சிய செலவு உள்ளூர் வரியிறுப்பாளரின் தலையில் விழுந்தது. அகதிகளால்தான் வரி ஏறுகின்றது என்ற பேச்சு அயலவரிடையே எழுந்ததற்கு வித்திட்டது இந்தக் கணக்கு ஏற்பாடே. கணக்கை எழுதியவர் ஒருவர், பழியைச் சுமந்தவரோ பற்றுச்சீட்டுடன் கடை வாசலில் வரிசையில் நின்றவர்.

1999 ஆம் ஆண்டின் குடிவரவு மற்றும் தஞ்சச் சட்டம் இப்பொறுப்பை உள்துறை அமைச்சின் கீழ் கொண்டு வந்தது. 2000 ஏப்ரல் முதல் தஞ்சம் கோரியோர் லண்டனுக்கு வெளியே பல நகரங்களுக்கும் பிரித்து அனுப்பப்பட்டனர். கோவிலும் தமிழ்க் கடையும் உறவினரும் இல்லாத ஊர்களில் எமது இளைஞர்கள் தனித்து வாழ்ந்த காலம் அப்படித் தொடங்கியது.

இன்றும் அந்த விளிம்பு மறையவில்லை. அகதி அந்தஸ்துக் கிடைத்ததும் உள்துறை அமைச்சின் உறைவிடம் முடிவுக்கு வருகின்றது. அதற்குரிய கால அவகாசம் நீண்ட காலமாக 28 நாட்களாகவே இருந்து வந்தது. மகிழ்ச்சிக் கடிதம் கிடைத்த கையோடு அம்மனிதர் கவுன்சிலின் வீடற்றோர் பிரிவின் வாசலுக்கு வருகின்றார். ஒரு திணைக்களத்தின் கணக்கு மூடப்பட, மற்றொன்றின் கணக்குத் திறக்கின்றது.

வெட்டு விழுந்த ஆண்டுகள்

2010 இல் ஆட்சிக்கு வந்த கூட்டரசாங்கம் சிக்கனத்தை அறிவித்தது. தேசிய கணக்காய்வு அலுவலகம் 2018 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2010-11 க்கும் 2017-18 க்கும் இடையே உள்ளூராட்சிக்கு மத்திய அரசு வழங்கிய நிதி, விலைவாசி ஏற்றத்தைக் கழித்துப் பார்த்தால், 49.1 சதவீதம் குறைந்தது. கிட்டத்தட்ட சரிபாதி. ஆனால் கடமைகள் பாதியாகவில்லை. முதியோர் தொகை கூடிற்று. 2013 இல் பொதுச் சுகாதாரப் பொறுப்பும் கவுன்சில்களிடம் வந்து சேர்ந்தது. 2018 ஏப்ரலில் வீடிழத்தலைக் குறைக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதனைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டு வந்தவர் எமது அயல் தொகுதியான ஹரோ கிழக்கின் உறுப்பினர் பொப் பிளாக்மன். ஒருகாலத்தில் பிரென்ற் கவுன்சிலில் அமர்ந்திருந்தவரும் அவரே. வீடிழக்கும் அபாயத்திலிருப்போருக்கு முன்கூட்டியே உதவ வேண்டும் என்ற அச்சட்டத்தின் நோக்கம் நல்லது. ஆயின், வீடற்றோரைத் தற்காலிகமாகத் தங்கவைக்கும் செலவில் மத்திய அரசு கவுன்சிலுக்கு மீளளிக்கும் தொகை, 2011 ஜனவரியில் இருந்த வாடகை உதவி வீதத்தின் 90 சதவீதம் என்ற அளவிலேயே நீண்ட காலம் கட்டிவைக்கப்பட்டிருந்தது. கிங்ஸ்பரியில் ஓர் அறைக்கு 2011 இல் என்ன வாடகை கொடுத்தோம் என்பதை எண்ணிப் பார்ப்பவருக்கு மிகுதி விளக்கம் தேவையில்லை.

இவ்வெட்டு எம் கண்முன்னே தெரிந்த இடம் நூலகம். பிரென்றில் அப்போது பன்னிரண்டு நூலகங்கள் இருந்தன. 2011 இல் அவற்றில் ஆறினை மூடக் கவுன்சில் முடிவெடுத்தது. கென்சல் றைஸ், பார்ம் பார்க், பிறெஸ்ரன், நீஸ்டன், ரோக்கிங்டன், கிறிக்கிள்வூட் ஆகியன அவை. கென்சல் றைஸ் நூலகம் 1900 இல் அமெரிக்க எழுத்தாளர் மார்க் ருவெய்ன் திறந்து வைத்தது. 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்ததைக் கண்ட எமக்கு, ஒரு நூலகத்தின் கதவு மூடப்படுவதன் பொருளை எவரும் விளக்கத் தேவையில்லை. அங்கு நெருப்பு, இங்கு வரவு செலவுத் திட்டம். இரண்டையும் ஒன்றென்று கூறுவது நீதியாகாது. ஆயினும் பிள்ளைகள் வாசிக்கும் மேசை இல்லாமற்போவது இரண்டிலும் ஒன்றே.

அயலவர்கள் பணம் திரட்டி நீதிமன்றம் சென்றனர். 2011 ஒக்ரோபரில் மேல் நீதிமன்றமும் டிசம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அவர்களின் வழக்கைத் தள்ளுபடி செய்தன. நூலகச் சேவையை மேற்பார்வை செய்யும் கடமையை 1964 ஆம் ஆண்டின் பொதுநூலகச் சட்டம் அமைச்சருக்கே விதித்துள்ளது. 2009 இல் விறல் என்னும் இடத்தில் நூலகங்கள் மூடப்பட இருந்தபோது மத்திய அரசு விசாரணைக்கு உத்தரவிட்டதும், அக் கவுன்சில் தன் திட்டத்தைக் கைவிட்டது. பிரென்ற் விடயத்தில் மத்தி தலையிடவில்லை. வரியை உயர்த்தும்போது விழித்திருக்கும் மேற்பார்வை, நூலகம் மூடப்படும்போது உறங்கிவிடலாம் என்பது அன்று தெரிந்தது. தப்பிய ஆறில் கிங்ஸ்பரி நூலகமும் ஒன்று. மூடப்பட்டவற்றிற் சில, அயலவர்களின் தொண்டினால் சமூக நூலகங்களாக மீண்டும் உயிர்பெற்றன.

வறியோருக்கான வரிச்சலுகையிலும் இதே நாடகம் நடந்தது. 2013 ஏப்ரல் வரை குறைந்த வருமானமுடையோரின் கவுன்சில் வரியை மத்திய அரசின் உதவித்திட்டம் ஏற்றது. அத்திட்டத்தை ஒழித்து, இனி ஒவ்வொரு கவுன்சிலும் தன் சொந்தத் திட்டத்தை வகுக்கட்டும் என்று மத்தி கூறியது. சுதந்திரம் வந்ததென்று மகிழ்வதற்கில்லை. அதனுடன் வந்த பணம் 10 சதவீதம் வெட்டப்பட்டிருந்தது. ஓய்வூதிய வயதினரின் சலுகையில் கைவைக்கக் கூடாது என்றும் சட்டம் கூறிற்று. ஆகவே வெட்டு முழுவதும் உழைக்கும் வயதிலுள்ள ஏழைகள் மீதே விழக் காத்திருந்தது.

ஹரிங்கே கவுன்சில் இதுபற்றி மக்களிடம் கருத்துக் கேட்டது. ஆனால் அது அனுப்பிய கடிதத்தில், வரியைச் சற்று உயர்த்தலாம், சேமிப்பிலிருந்து எடுக்கலாம், வேறு செலவைக் குறைக்கலாம் என்ற மாற்று வழிகள் எவையும் சொல்லப்படவில்லை. சலுகையைக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை என்பது போலவே அது எழுதப்பட்டிருந்தது. அங்கு வாழ்ந்த ஒரு தாய் தொடுத்த வழக்கு, நாட்டின் அதியுயர் பீடமான உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2014 ஒக்ரோபர் 29 இல், அக்கருத்துக்கேட்பு சட்டத்துக்கு முரணானது எனத் தீர்ப்பாயிற்று. மக்களிடம் கருத்துக் கேட்பதாயின், வேறு என்ன வழிகள் இருந்தன என்பதையும் அவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்பதே அதன் சாரம். கட்டு எவ்வளவு இறுக்கமானதாயினும் உள்ளே கவுன்சிலுக்குத் தெரிவுகள் உண்டு, அவற்றை மறைக்கக் கூடாது என்பதை நிலைநாட்டிய தீர்ப்பு இது.

ஆணையாளர் என்னும் சொல்

கவுன்சில்கள் யாவும் குற்றமற்றவை என்று நாம் கூறவில்லை. மானியம் சுருங்கியபோது சில கவுன்சில்கள் கடன் வாங்கிக் கட்டடங்களிலும் கம்பனிகளிலும் முதலிட்டுச் சூதாடின. நிதி சமநிலை தவறினால் கவுன்சிலின் தலைமை நிதி அதிகாரி 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 114 ஆம் பிரிவின்படி எச்சரிக்கை அறிவித்தல் விடுக்க வேண்டும். விடுத்தால் அத்தியாவசியமற்ற புதிய செலவுகள் யாவும் நின்றுவிடும். 2018 இல் நோதாம்ரன்ஷயர், 2020 இல் குறொய்டன், 2021 இல் ஸ்லவ், 2023 இல் வோக்கிங், பேர்மிங்ஹாம், நொட்டிங்ஹாம் என்று இப்பட்டியல் நீண்டது. எம்மவர் பெருமளவில் வாழும் குறொய்டனில் 2023 இல் மத்திய அரசின் விசேட அனுமதியுடன் வரி 15 சதவீதம் உயர்ந்தது. தவறிழைத்தவர் வேறு, தண்டம் கட்டியவர் வேறு.

இத்தகைய நிலையில் மத்திய அரசு 1999 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆணையாளர்களை அனுப்பலாம். ஸ்லவுக்கும் பேர்மிங்ஹாமுக்கும் அவ்வாறே அனுப்பினார்கள். ஆணையாளர் என்ற சொல் எமது காதுக்குப் புதியதன்று. யாழ்ப்பாணத்தில் 1983 க்குப் பின் 1998 வரை உள்ளூராட்சித் தேர்தல் நடக்கவில்லை. அக்காலம் முழுவதும் நகரையும் கிராமத்தையும் நியமிக்கப்பட்ட அதிகாரிகளே நிர்வகித்தனர். வடமாகாண சபையின் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தபின் ஆண்டுக்கணக்கில் தேர்தலின்றி ஆளுநரே கோலோச்சினார். 2023 மார்ச்சில் நடக்கவேண்டிய இலங்கையின் உள்ளூராட்சித் தேர்தல், திறைசேரி பணம் விடுவிக்கவில்லை என்று ஒத்திவைக்கப்பட்டது. இது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஓகஸ்ற் மாதம் இலங்கை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 மே 6 ஆம் திகதியே மக்கள் வாக்களிக்க முடிந்தது.

இரு நாடுகளையும் ஒரே தராசில் வைக்க நாம் விரும்பவில்லை. ஸ்லவில் ஆணையாளர்கள் அமர்ந்திருந்தபோதே 2023 மேயில் தேர்தல் நடந்தது. மக்கள் ஆளுங்கட்சியையும் மாற்றினர். எனினும் இரண்டு நாடுகளும் ஒரே பாடத்தைக் கற்பிக்கின்றன. வாக்கு மக்களிடம் இருந்தாலும் திறப்பு மத்தியிடம் இருந்தால், உள்ளூர்ச் சபை வாடகைக்குக் குடியிருப்பவரைப் போன்றது.

எந்தக் கதவைத் தட்டுவது?

அப்படியாயின் நாம் என்ன செய்யலாம்? முதலில் கதவுகளை வேறுபடுத்தி அறிவோம். வரிப் பிரிவுகள், உயர்வுக்கான வரம்பு, மானியத் தொகை, வாடகை மீளளிப்பு, அகதிகளுக்கான கால அவகாசம் ஆகியன பாராளுமன்றத்தின் கைகளில் உள்ளவை. அவற்றுக்கு எமது பாராளுமன்ற உறுப்பினரிடம் எழுத வேண்டும். எந்த நூலகம், எந்தச் சமூக அமைப்புக்கு உதவி, ஏழைகளுக்கான வரிச்சலுகை எவ்வளவு என்பன கவுன்சிலின் தெரிவுகள். அவற்றுக்கு எமது வட்டார உறுப்பினர்களிடம் செல்ல வேண்டும். கவுன்சில் அதிகாரியிடம் மானியத்தைப் பற்றிச் சண்டையிடுவதும், பாராளுமன்ற உறுப்பினரிடம் குப்பை வண்டியைப் பற்றி முறையிடுவதும் நேர விரயமே.

இரண்டாவதாக, கருத்துக்கேட்புப் படிவம் வந்தால் அதனைக் குப்பையில் போடாதிருப்போம். வரவு செலவுத் திட்டம் பற்றியும் வரிச்சலுகை பற்றியும் மாரிகாலத்தில் கவுன்சில்கள் கருத்துக் கேட்கின்றன. ஹரிங்கேயில் ஒரு தாய் கேட்ட கேள்வியையே நாமும் கேட்கலாம்: வேறு வழி இருந்ததா, அதை ஏன் சொல்லவில்லை? கோவில் நிர்வாகங்களும் பழைய மாணவர் சங்கங்களும் தமிழ்ப் பாடசாலைகளும் கூட்டாக எழுதினால் அதற்கு எடை கூடும்.

மூன்றாவது, வாக்கு. இலங்கை பொதுநலவாய நாடு. ஆகவே பிரித்தானியக் குடியுரிமை பெறாதவராயினும், இந்நாட்டில் தங்கும் அனுமதியுள்ள இலங்கைக் குடிமக்கள் கவுன்சில் தேர்தலிலும் பாராளுமன்றத் தேர்தலிலும் வாக்களிக்கலாம். இதனை அறியாது பத்து ஆண்டுகளைக் கடத்தியவர்களை நாம் சந்தித்திருக்கின்றோம். வாக்காளர் பட்டியலில் பெயரைப் பதிவுசெய்து கொள்ளுங்கள். 2023 முதல் இங்கிலாந்தின் வாக்குச் சாவடியில் படமுள்ள அடையாள ஆவணம் காட்ட வேண்டும் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். பிரென்ற் கவுன்சிலில் 57 ஆசனங்கள் உண்டு. ஒரு சில நூறு வாக்குகள் ஓர் ஆசனத்தைத் தீர்மானிக்கக் கூடும்.

இறுதியாக, பத்திரத்தைச் சரிபாருங்கள். வளர்ந்தவர் ஒருவர் மட்டும் வாழும் வீட்டுக்கு 25 சதவீதக் கழிவு உண்டு. எல்லோரும் முழுநேர மாணவராயின் வரியே இல்லை. இவை கவுன்சிலின் தயவால் வருவனவல்ல. சட்டம் தரும் உரிமைகள். ஆயினும் கேட்காதவருக்குக் கிடைப்பதில்லை.

அந்தத் தம்பியை மீண்டும் கண்டபோது இவற்றையெல்லாம் கூறினோம். பொறுமையுடன் கேட்டார். "அப்ப மாஸ்ரர், ரெண்டு பக்கமும் எழுதவேணும் எண்டுறியள்" என்றார். ஆம், அதைத்தான் சொல்கின்றோம். வாக்காளர் பட்டியலில் அவரது பெயர் இருக்கவில்லை என்பதும் அப்போதுதான் தெரிய வந்தது. அன்று மாலையே, மூடப்படாது தப்பிய எமது கிங்ஸ்பரி நூலகத்திலிருந்த கணினியில் அமர்ந்து, அவர் தமது பெயரைப் பதிவு செய்தார்.